பன்னிரண்டாவது விளையாட்டு

உங்களில் யாரிடமாவது பத்து வயதுக்கு முந்தைய போட்டோ இரண்டுக்கு மேல் இருந்தால் கையைத் தூக்குங்கள். பொய் சொல்லாதீர்கள், நம் வயசுக்காரர்களை எனக்குத் தெரியும். கைக்குழந்தையாக ஸ்டூடியோவில் குப்புறப் படுக்க வைத்து எடுத்த ஒன்று. பூத் தைத்த சடையைக் கண்ணாடியில் காட்டி எடுத்த இன்னொன்று. அதோடு சரி. நான் இப்போது குடியிருக்கும் நாவலூர் அடுக்குமாடியில் ஒரு குழந்தை காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் நாற்பது படம் எடுத்துவிடுகிறார்கள்.

என்னைப் பன்னிரண்டு தடவை படம் எடுத்தார்கள். எல்லாம் ஒரே கோடையில். ஒன்றுகூட என்னிடம் இல்லை, வேறு யாரிடமும் இருக்காது. அதற்குக் காரணம் நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் இதைச் சொன்னேன், அதுவும் போன மாதம். இப்போது உங்களிடம் சொல்கிறேன். நடுவில் "சின்னப் பிள்ளைதானே, விடு" என்று யாரும் சமாதானத்துக்கு வர வேண்டாம். அதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். இருபது வீட்டுக் காலனி. ஒரு பக்கம் கொஞ்ச தூரத்தில் ரயில் பாதை, இன்னொரு பக்கம் பொட்டல், பொட்டலின் கடைசியில் நாலைந்து பனைமரமும் ஒரு மொட்டைப் பாறையும். பயிற்சி விமானம் தலைக்கு மேலே போனால் எல்லா ஆட்டமும் ஒரு நிமிஷம் நிற்கும். எல்லோரும் அண்ணாந்து டாட்டா காட்டுவோம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். என் தங்கைக்கு ஐந்து வயது.

அடுத்த வீட்டுக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் குடிவந்தார்கள். குழந்தை இல்லை. அவர் தினமும் டிபன் பாக்ஸோடு எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து ஆபீஸ் போகிறவர். ஞாயிற்றுக்கிழமையில் வேறு ஆள். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய மரக் கேமரா ஒன்று வைத்திருந்தார், எங்கள் கொலுப் பெட்டி அளவு இருக்கும். மூன்று கால் ஸ்டாண்டு, தலையில் போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. ஃபிலிம் சுருள் கிடையாது, கண்ணாடித் தகடுதான். நாங்கள் அவரைக் கேமரா மாமா என்றோம். அவர் பெண்சாதியை அத்தை என்றோம்.

கண்ணாடியாட்டம் தெளிவாகத் தெரிவது அவருக்குப் பிடிக்காது. அத்தையின் பழைய, மெல்லிய வாயில் புடவையில் ஒரு துண்டு கிழித்து லென்ஸ் மேல் கட்டுவார். அப்போதுதான் படம் பனி மூட்டத்தில் எடுத்த மாதிரி, ஓவியம் மாதிரி வருமாம். "நல்லாத் தெரியறதுக்குக் கேமரா வாங்கி, தெரியாம இருக்கத் துணி கட்டறான் பாரு" என்று அப்பா சிரிப்பார்.

அவரிடம் ஒரு ஆல்பம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்கள், புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை. வளையம் உருட்டும் பிள்ளை, சோப்பு நுரை ஊதும் பிள்ளை, பொம்மையைத் தூங்க வைக்கும் பெண். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். "மாமா, இதுங்க விளையாடவே இல்ல. சும்மா நிக்குதுங்க" என்றேன் ஒருநாள்.

"ஆமாண்டி. அந்தக் காலத்துல எட்டு, பத்து எண்ணற வரைக்கும் நின்னாத்தான் படம். ஆனா பாரேன், நின்னதாலதானே நூறு வருஷம் கழிச்சு நீ பாக்கறே? ஓடியிருந்தா ஒண்ணும் விழுந்திருக்காது."

அந்தக் கோடையில் எங்களை வைத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளைப் படமெடுத்து, ஏதோ கலைப் படக் கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். பாண்டி, கோலி, பம்பரம், பச்சைக் குதிரை, ஏழு கல். ஒவ்வொன்றிலும் ஆடுகிற மாதிரியே உறைந்து நிற்க வேண்டும். மாமா மூடியைக் கழற்றி, எட்டு எண்ணி, மூடியைப் போடுவார். எங்களுக்கு அது புதிதில்லை. நமக்குத்தான் ஸ்டேச்சு விளையாட்டு தெரியுமே! "ஸ்டேச்சு" என்று சொன்னால் அப்படியே நிற்க வேண்டும், சொன்னவர் "ரிலீஸ்" சொல்லும்வரை. எங்கள் தெருவில் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. அம்மா மேல் சத்தியம் வைத்து ஸ்டேச்சு சொன்னால், அசைந்தவளுடைய அம்மா செத்துவிடுவாள். பெரியவர்கள் யாருக்கும் இந்தச் சட்டம் தெரியாது.

என்னால் மட்டும் நிற்க முடியாது. பாண்டி ஆட்டப் படத்தில் எல்லோரும் அழகாக வந்தார்கள், எனக்குக் கழுத்துக்கு மேலே இரண்டு தலை, அதுவும் புகையாக. பையன்கள் ஒரு வாரம் "ரெட்டைத்தல" என்று கூப்பிட்டார்கள். "உன் உடம்புல எறும்புப் புத்தே இருக்குடி" என்று மாமா சிரித்தார். தங்கை அப்படியில்லை. உட்கார் என்றால் உட்காருவாள், நில் என்றால் நிற்பாள். அவள்தான் மாமாவுக்குச் செல்லம். "சின்னவ தங்கக் கட்டி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பதினோரு படமும் முடிந்தன. பதினொன்றிலும் நான் ஓரத்தில், மங்கலாக.

பன்னிரண்டாவது கண்ணாமூச்சி. ஒரே ஒரு பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி வேப்பமரத்தடியில் தனியாக நிற்க வேண்டும். ஒரே ஒரு தகடுதான் மிச்சம் இருந்தது. "கை ஆடக் கூடாது. சின்னவதான் சரி" என்று மாமா முந்தின நாளே சொல்லிவிட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அக்னி நட்சத்திர வெயில். மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா தலை சாய்த்ததும், "வா, மாமா கூப்பிடறார்" என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த வீட்டுக்கு அல்ல. பொட்டலைத் தாண்டி, பனைமரத்தடிக்கு. படத்துக்கென்று அவள் காலில் செருப்பு போட்டிருக்கவில்லை.

"மாமா உன்னை இங்கதான் நிக்கச் சொன்னார். கையை நீட்டு. அம்மா மேல சத்தியமா ஸ்டேச்சு. அசைஞ்சா அம்மா செத்துடுவா."

அவள் கையை நீட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பனை நிழல் சரியாக அவள் மேல் விழுந்திருந்தது. அந்த நிழல் நகர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நிழல் போகும் பக்கமெல்லாம் பாண்டிக் கட்டத்தை அழித்து அழித்துப் போடுகிறவள் நான். ஆனால் பத்தே நிமிஷம், படம் எடுத்ததும் ஓடி வந்து ரிலீஸ் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மாமாவிடம் போய், "சின்னவளுக்கு ஜுரம், படுத்திருக்கா. நான் நிக்கறேன் மாமா, சத்தியமா அசைய மாட்டேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி வா. ஆண்டவன் விட்ட வழி."

கண்ணைக் கட்டி நிறுத்தினார். துணியின் முடிச்சு, பாவாடை மடிப்பு, விரல் எல்லாவற்றையும் சரி பண்ணினார். நான் எட்டுக்காகக் காத்திருந்தேன். எட்டு வரவில்லை.

"வெயில் ரொம்பக் கடுமையா இருக்கு. ஒரு மேகம் வரட்டும். அப்பத்தான் முகம் மெத்துனு விழும்."

அக்னி நட்சத்திரத்தில் மேகம்! அவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வருவதும், வானத்தைப் பார்ப்பதும், உச்சுக் கொட்டுவதும் எனக்குக் கேட்டது. ஒரு ரயில் போனது. "மாமா, ஒண்ணுக்கு வருது" என்றேன். "அடக்கிக்கோடி கண்ணு, மடிப்பு இவ்வளவு அழகா விழுந்திருக்கு. கலைச்சா மறுபடி வராது." இரண்டாவது ரயில் போனது. கண்கட்டுக்குள் எனக்குப் பனைமரம் தெரிந்தது. நிழல் இந்நேரம் அவள் தோளை விட்டிருக்கும். போய்விடலாமா? போனால் படம் போய்விடும், சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும். மூன்றாவது ரயிலும் போனது. தொண்டை காய்ந்தது. நிழலில் நிற்கிற எனக்கே இப்படி இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

"வந்துட்டுது, வந்துட்டுது! அசையாதே!"

ஒன்று, இரண்டு என்று எண்ணினார். என் வாழ்நாளில் அப்படி நான் நின்றதில்லை. எட்டு. "சபாஷ்! இன்னிக்கு எறும்பெல்லாம் எங்கடி போச்சு?" என்று என் தலையைத் தட்டிவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் கண்கட்டை அவிழ்க்கிறேன், வாசலில் அம்மா.

"சின்னவ எங்கடி?"

"மாமாகிட்ட" என்றது என் வாய். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னேன்.

அம்மா உள்ளே போய் இருட்டறைக் கதவைத் தட்டினாள். "சார், குழந்தை உள்ளயா இருக்கா?"

"இங்க யாரும் இல்லைம்மா. ஒரு பத்து நிமிஷம், இப்ப திறந்தா பிளேட் போயிடும்."

"பிளேட் கெடக்கட்டும், கதவைத் திறங்க! என் குழந்தை எங்கே?"

"கொஞ்சம் பொறுங்கம்மா, இதோ..."

அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அவர் எப்பவும் இப்படித்தான்மா. கழுவி முடிச்சதும் வந்துடுவார்."

"பெத்திருந்தா தெரியும் உங்களுக்கு!" என்றாள் அம்மா. அத்தை அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். என் அம்மா நல்லவள், யாரையும் கடிந்து பேசாதவள். அன்றைக்கு அவள் வாயில் அது வந்தது. வரவழைத்தது நான்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார், கூடவே பக்கத்து வீட்டு ஆண்கள். "என்னத்துக்கு இவன் கதவைத் திறக்க மாட்டேங்கறான்?" அப்பா தோளால் கதவை இடிக்கத் தொடங்கினார். நான் பின்வாசல் வழியாக ஓடினேன். பொட்டலில் கால் வைத்தபோது பின்னால் தாழ்ப்பாள் பிய்ந்தது. அதற்கடுத்து கண்ணாடி உடையும் சத்தம். ஒன்றிரண்டு அல்ல. பதினோரு தகடும் இருந்த மரப்பெட்டி, தள்ளுமுள்ளில் பரணிலிருந்து விழுந்திருக்கிறது.

பனைமரத்தடியில் நிழல் இல்லை. அது பத்தடி தள்ளிப் போயிருந்தது. தங்கை கையை நீட்டியபடி முழு வெயிலில் நின்றாள். பக்கத்தில் நுங்கு விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"உன் தங்கச்சியா? இன்னா பாப்பா இது? நானும் கூப்ட்டுகினே கீறேன், பேச மாட்டேங்குது. தூக்கலாம்னு கைய வெச்சா கத்துது. நுங்கு குட்த்தா வாயே தொறக்கல."

முகம் செக்கச் செவேலென்று இருந்தது, உதடு வெளுத்துக் கிடந்தது. கவுன் நனைந்து, காய்ந்தும் போயிருந்தது. கை மட்டும் நடுங்கியது. "ரிலீஸ்" என்றேன். அவள் அசையவில்லை. "ரிலீஸ், ரிலீஸ்டி, அக்கா சொல்றேன்ல!" கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"அம்மா இருக்காளா?" என்று கேட்டாள். நான் தலையாட்டியதும் விழுந்தாள்.

நுங்குக்காரர்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். காலனியே வாசலில் நின்றது. கேமரா மாமாவின் சட்டை கிழிந்திருந்தது, கையில் ரத்தம், உடைந்த கண்ணாடியைப் பொறுக்கியிருக்கிறார். தங்கையின் உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். அம்மா அவள் வாயில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "யாரோ நிக்க வெச்ச மேரி நகராம நின்னுகினு இருந்துச்சு சார்" என்றார் நுங்குக்காரர்.

அப்பா குனிந்து கேட்டார். "யாரும்மா உன்னை அங்க நிக்கச் சொன்னது? கேமரா மாமாவா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். நான் அவளிடம் அப்படித்தானே சொல்லியிருந்தேன்?

"படத்துக்காகவாடா? ஒரு படத்துக்காகவா இந்த வெயில்ல பச்சைப் புள்ளைய..."

"சார், பெரியவதான் என்கிட்ட..." என்று மாமா தொடங்கினார். என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜுரம் என்று யார் சொன்னது, யார் வந்து நின்றது, எல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, நான் பார்த்தேன். நான் ஒரு விரல்கூட அசைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை.

"தப்புதான் சார்" என்றார். "சின்னவ எங்கேன்னு நான் ஒரு நடை வந்து பார்த்திருக்கணும்."

கூட்டத்துக்குத் "தப்புதான்" மட்டுமே கேட்டது. அதற்குப் பிறகு என்ன பேச்சு! அப்பா அவரை அடித்துவிட்டார்.

தங்கைக்கு நாலு நாள் ஜுரம். டாக்டர் இரண்டு வேளையும் வந்தார். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, "புள்ளை இல்லாதவங்க கண்ணு" என்று அழுதாள். தங்கை செத்துப்போனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் பூஜை அலமாரி முன்னால் நின்று சாமியிடம் பேரம் பேசினேன். பிழைத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்று நான் சொல்லவில்லை. பிழைத்துக்கொண்டாள்.

மாமாவும் அத்தையும் அந்த மாதமே காலி செய்தார்கள். சாமான் ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. தெருக்கோடி மரக்கடை பாய் மட்டும் தன் வண்டியை அனுப்பி, தானும் கூட வந்து கட்டிலைப் பிடித்தார். "அவரு அந்த மாதிரி ஆளு இல்லீங்க" என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை போகும்போது ஒரு பழுப்பு உறையை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். படங்களில் ஒன்றோ இரண்டோ பிரதி இருந்திருக்கும். அம்மா அதைப் பிரிக்காமலே வெந்நீர் அடுப்பில் போட்டாள். எங்கே போனார்கள் என்று தெரியாது. கோவளத்துப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். பெரியவளானதும் ஒருமுறை பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று, பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தரை எப்படி விசாரிப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் கீழ்க்கட்டளையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்திக்கு முதல் பிறந்த நாள். மருமகள் ஒரு போட்டோகிராபரை வரவழைத்திருந்தாள். பிள்ளைகளை மூங்கில் கூடையில் உட்கார வைத்துப் பழைய காலப் படம் மாதிரி எடுத்துத் தருவாராம். கூடை, காகிதப் பூ, மரக் குதிரை எல்லாம் வந்து இறங்கியிருந்தன. தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக் குழந்தையை எவனும் நிக்க வெச்சு, உக்கார வெச்சுப் படம் எடுக்கக் கூடாது."

"அத்தை, பத்தே நிமிஷம் அத்தை. நாங்க எல்லாரும் கூடவே இருக்கோம்."

"உனக்குத் தெரியாதும்மா. என்னை ஒருத்தன் நாலு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சான். அசைஞ்சா உங்கம்மா செத்துடுவான்னு சொன்னான். அஞ்சு வயசுக் குழந்தைகிட்ட! அந்தக் கறுப்புத் துணி வாசனை இப்பவும் என் மூக்குல இருக்கு. அவன் குரல்கூட எனக்கு ஞாபகம் இருக்கு."

போட்டோகிராபர் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த நாலு மணி நேரக் கதையைத் தங்கை எத்தனையோ கல்யாணங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குரல் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு சமையலறையில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். சொன்னேன். "மாமா இல்லடி. உன்னை அங்க நிறுத்தினது நான். அம்மா செத்துடுவான்னு சொன்னதும் நான்தான். எனக்குப் பொறாமை. அந்த மனுஷனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் சிரித்தாள். "நீ எப்பவுமே இப்படித்தான்க்கா. யாரையும் விட்டுக்குடுக்க மாட்டே. இருக்கானோ செத்தானோ தெரியாதவனுக்குக்கூட வக்காலத்து வாங்குவே."

"சத்தியமா சொல்றேண்டி. நான்தான்."

"நீ என்னைக் காப்பாத்தினவ. எல்லாரும் அந்த ஆள்கிட்ட கத்திக்கிட்டு நிக்கறப்ப, நீ ஒருத்திதானே எங்கே இருக்கேன்னு கண்டுபிடிச்சு ஓடி வந்தே? என் புள்ளைங்ககிட்டயெல்லாம் சொல்லித்தான் வளத்திருக்கேன், பெரியம்மா இல்லேன்னா உங்கம்மா இல்லைன்னு." அவள் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது முறையும் சொன்னேன். ரயில், மேகம், நான் சொன்ன ஜுரப் பொய், ஒன்று விடாமல். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, காலையில் பி.பி. மாத்திரை போட்டாயா என்று கேட்டாள்.